நாற்பதில் ஒன்று

நாற்காலி வேண்டாம், மேடம். நின்றுகொண்டே பேசுகிறேன். ஏழு வருடப் பழக்கம். உட்கார்ந்து பேசினால் பேச்சு வளரும். நின்று பேசினால் தேவையானது மட்டும் வரும். எங்கள் குழுவில் தினமும் காலை ஒன்பதே காலுக்கு எல்லோரும் நின்றபடிதான் பேசுவோம். நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எது தடையாக இருக்கிறது. பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் கால் கடுக்கும், பேச்சு தானாக முடிந்துவிடும்.

பெயர் வனமாமலை. வயது நாற்பத்தாறு. பிறந்தது நாங்குநேரிப் பக்கம், குடியிருப்பது குன்றத்தூரில். ஒரகடத்தில் கார்களுக்கு இரும்புப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மென்பொருள் குழுவின் தலைவன். கங்கா எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட வரச் சொன்னீர்கள். வந்துவிட்டேன். உள்ளே வரும்போது அவள் வெளியே பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மரியாதையான பெண்.

அவள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான்கு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி தவறு. அதைத் திருத்தாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் வேகமாக எழுதுகிறார், அதனால் அதிக நேரம் ஆகாது.

எங்கள் அறை மாடியில். கீழே வெல்டிங் லைன். கம்பி வேலி போட்ட ஒரு கூண்டுக்குள் ஆறு ரோபோக்கள் தகடுகளைப் பற்றவைக்கும். எந்தக் கை எப்போது அசைய வேண்டும், கூண்டின் கதவைத் திறந்தால் எப்படி நிற்க வேண்டும், நின்ற பிறகு யார் சொன்னால் மறுபடி ஓட வேண்டும், இதையெல்லாம் சொல்லும் மென்பொருளை எழுதுவது நாங்கள் ஐந்து பேர்.

நான் வந்து சேர்ந்தபோது அந்த அறை சந்தைக்கடையாக இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கெடுப்பார். வாரத்துக்கு மூன்று முறை லைன் நிற்கும். யாரைக் கேட்டாலும் நான் இல்லை என்பார்கள். அதை நான் சரிசெய்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் இரண்டு விதமான ஒழுங்கு உண்டு. வேலையைப் பிரித்து நடத்துவதற்கு ஒன்று, நிரலை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளை, எழுதுவதற்கு ஒன்று. நிறைய கம்பெனிகளில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சுவரில் போர்டு இருக்கும், வண்ணச் சீட்டு இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒரு தவணை என்று வேலையை வெட்டி, அதற்கு ஸ்பிரின்ட் என்று பெயரும் வைத்திருப்பார்கள். உள்ளே நிரல் குப்பையாகக் கிடக்கும். நான் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். தவணையும் உண்டு, போர்டும் உண்டு. கூடவே, ஒரு வரி எழுதுமுன் அந்த வரியைச் சோதிக்கும் டெஸ்டை, அதுவும் ஒரு சின்ன நிரல்தான், முதலில் எழுத வேண்டும். தனியாக யாரும் எழுதக் கூடாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு பேர். ஒருவர் தட்டுவார், பக்கத்தில் இருப்பவர் யோசிப்பார். அரைமணிக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். எந்த மாற்றம் உள்ளே போனாலும் அதில் இரண்டு பேருடைய பெயரும் பதிவாகும். ஒரு டெஸ்ட் தோற்றாலும் அறையில் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் மற்ற வேலை எல்லாம் நிற்கும்.

அந்த விளக்கை மாட்ட வந்தவர்தான் தணிகாசலம். பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். ஐம்பத்து மூன்று வயது. பிள்ளைப்பாக்கத்தில் கங்காவின் தெருக்காரர். ரத்த சொந்தம் இல்லை, ஆனாலும் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஏணியில் ஏறி நின்றபடி எங்கள் காலைக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், அல்லாரும் நின்னுகினே கீறீங்க. இன்னும் சேர் வர்லியா?” என்றார். பிறகு கங்காவும் நானும் ஒரே கீபோர்டில் உட்கார்ந்ததைப் பார்த்து, “ரெண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டரா? கம்பெனி அவ்ளோ கஷ்டத்துல கீதா பாப்பா?” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல மனிதர். அவரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

கங்கா அப்போது படிப்பு முடித்து ஒன்றரை வருடம். அவள் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது ஏதோ ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. என்னோடு ஜோடியாக உட்காருபவர்களில் அவள்தான் சிறந்தவள். மற்றவர்கள் ஒரு வேலையை முடித்தால் “ஆயிடுச்சு சார்” என்பார்கள். அவள் “இதுவரைக்கும் ஆயிருக்குது சார்” என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவளை என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒரே வருடத்தில் லைன் நிற்பது மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. பிளான்ட் மேனேஜர் ஹேமந்துக்கு எங்கள் மேல் பிரியம் வந்துவிட்டது. பிரியம் வந்தால் தொந்தரவும் வரும். ஒவ்வொரு தவணையிலும் நாங்கள் முடிக்கும் வேலைக்கு நாங்களே புள்ளி போட்டு வைத்திருந்தோம், அடுத்த தவணைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்துகொள்ள. அவர் அந்தப் புள்ளிகளை வரைபடமாக்கிக் கேன்டீன் சுவரில் திரை வைத்துப் போட்டார். முப்பத்தொன்று, முப்பத்து நான்கு, முப்பத்தாறு. சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். ஏறிய கோடு ஒருமுறை இறங்கினால் மறுநாள் காலையில் கூப்பிட்டனுப்புவார்.

இந்த வருடம் மார்ச் மாதம். ஒரு திங்கட்கிழமை அவர் என் மேஜை பக்கம் வந்து நின்றார்.

“வனமாமலை, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கஸ்டமர் வராங்க. குவிக் ஸ்டார்ட் லைன்ல ஓடணும். ஓடிச்சுன்னா ரெண்டாவது லைனும் உங்களுக்குத்தான். ஓடலன்னா, நான் சொல்றது மேல முடிவானது, இந்த ரூம் வேணாம். புனேல ரெடிமேடா ஒண்ணு இருக்கு, வாங்கிப் போட்டுக்குவாங்க. அஞ்சு பேருக்கும் அன்னைக்கே லெட்டர்.”

“ரெண்டு தவணை வேலை சார் அது.”

“உங்களுக்கு ஒண்ணு இருக்கு,” என்றார்.

மேடம், எனக்கு முன்பே ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. வேறொரு தொழிற்சாலை. ஒரு காலையில் கேட்டில் அட்டையைத் தேய்த்தேன், திறக்கவில்லை. மறுபடி தேய்த்தேன். தினமும் வணக்கம் வைக்கும் செக்யூரிட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அதன் பிறகு ஏழு மாதம் நான் தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினேன். குன்றத்தூர் மலைக்கோயில் படியில் உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவேன். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவேன். ஆபீஸில் என்ன விசேஷம் என்று என் மனைவி சசிகலா கேட்பாள். நானும் சொல்வேன். இல்லாத ஆபீஸில் இல்லாத ஆட்களுக்குள் சண்டையெல்லாம் வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அவளே நேர்த்திக்கடனுக்காகப் படியேறி வந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து, நான் சாப்பிட்டிருக்கிறேனா என்று பார்த்தாள்.

மறுபடி அந்தப் படிக்கு நான் போக முடியாது. நாற்பத்தாறு வயதில் யாரும் எடுக்க மாட்டார்கள். இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. வேலை நடந்த சூழ்நிலை என்ற வகையில் பதிவாகட்டும்.

குவிக் ஸ்டார்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கூண்டுக்குள் ஒரு தகடு விழுந்தால் ஃபிட்டர் உள்ளே போய் எடுக்க வேண்டும். பழைய முறையில் அவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போவார். அவர் வெளியே வந்து திறக்கும்வரை யார் நினைத்தாலும் லைன் ஓடாது. அதற்கு ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். புதிய முறையில் பூட்டு கிடையாது. கதவைத் திறந்தால் ரோபோக்கள் நிற்கும். வெளியே வந்து, கதவை மூடி, வெளியில் இருக்கும் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும். ஒரு நிமிடத்தில் வேலை முடியும். ஆக, அந்த மனிதருடைய பையில் இருந்த சாவியின் வேலையை எங்கள் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

கங்காவும் நானும்தான் அதை எழுதினோம். டெஸ்டும் முதலில் எழுதினோம். ஆள் உள்ளே இருக்கும்போது, கதவு காற்றில் மூடிக்கொண்டு, அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டவள் அவள்தான். எங்கள் பக்கம் மின்சாரம் கண் சிமிட்டுவது உங்களுக்குத் தெரியும். அதற்கும் ஒரு டெஸ்ட் எழுதினாள். மாடியில் இருக்கும் டெஸ்ட் மெஷினில் நாற்பது முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிப் பார்க்கும். நாற்பது முறையும் லைன் நின்றபடியே இருக்க வேண்டும்.

புதன்கிழமை மதியம் அந்த டெஸ்ட் தோற்றது. முப்பத்தாறு முறை சரியாக நின்றது. முப்பத்தேழாவது முறை, பச்சைப் பொத்தானை யாரும் அமுக்காமலே லைன் தானாகத் தொடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“மறுபடி ஓட்டிப் பாரு,” என்றேன்.

ஓட்டினாள். நாற்பதும் சரி. மூன்றாம் தடவை ஓட்டினாள். பன்னிரண்டாவதில் தோற்றது.

“டெஸ்ட் மெஷின் பழசு. அதுல ஏதாவது இருக்கும்.”

“இருக்கலாம் சார். இல்லாமயும் இருக்கலாம்,” என்றாள். “உள்ள ஆளு இருந்தா இன்னா சார் பண்றது?”

அன்று சாயந்திரம் வரை காரணம் தேடினோம். கிடைக்கவில்லை. அவள் கண் சிவந்துபோய், “வுடுங்க சார், காலையில பாத்துக்கலாம்,” என்றாள். இந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நான் அவற்றைப் பயன்படுத்தினேன். வியாழன் காலைக் கூட்டத்தில் அவள் நின்றபடி தெளிவாகச் சொன்னாள்: “மின்சாரம் போய் வந்தா லைன் தானா ஓடுது. எப்பவும் இல்ல, எப்பவாவது. காரணம் தெரியற வரைக்கும் இத்த லைன்ல போடக் கூடாது.” சிவப்புச் சீட்டில் எழுதிப் போர்டில் தடை என்ற பகுதியில் ஒட்டினாள். நான் தலையாட்டினேன். ஹேமந்த் மாடிக்கு வருமுன் அந்தச் சீட்டை எடுத்து மடித்து மேஜைக்குள் வைத்தேன்.

அன்று ஒன்றரை மணிக்கு மற்றவர்களோடு அவளும் சாப்பிடப் போனாள். ஒன்று நாற்பதுக்கு நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த டெஸ்டை நிரலிலிருந்தே எடுத்துவிட்டேன். காரணத்தைச் சரிசெய்யவில்லை, டெஸ்டை மட்டும் எடுத்தேன். இரண்டு பெயர் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது, அதனால் என் பெயரையும் அவள் பெயரையும் போட்டேன். நான்கு நிமிட வேலை. விளக்கு பச்சையானது. உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம், அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே நிம்மதி வந்தது. மூன்று நாளுக்குப் பிறகு பசித்தது. கீழே போய்ச் சாப்பிட்டேன். படியில் எதிரே வந்த கங்காவிடம், காரணம் கிடைத்துவிட்டது, ஒரே ஒரு வரிதான் என்றேன். அவள் முகம் மலர்ந்துபோனது. “எது சார், பாக்கலாமா?” என்றாள். திங்கட்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து பார்ப்போம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்கு, வந்திருந்தவர்கள் லைன் பக்கத்தில் பெரிய திரையின் முன்னால் நின்றிருந்தபோது, கூண்டுக்குள் ஒரு தகடு விழுந்தது. தணிகாசலம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். புது முறை, பூட்டு இல்லை. அவருக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. மின்சாரம் போனது, ஜெனரேட்டர் ஓடியது. லைன் எழுந்திருக்க முக்கால் நிமிடம் ஆகும். எழுந்தது. பச்சைப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை. மூன்றாவது ரோபோ அவரைத் தூணோடு சேர்த்து அழுத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இதுவரை நான் சொன்னதில் பாதி உங்களிடம் வேறு காகிதங்களில் இருக்கும். இனிமேல் சொல்வது எதிலும் இல்லை.

எங்கள் முறையில் ஒவ்வொரு தவணையும் முடிந்ததும் திரும்பிப் பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு விதி. யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. அவரவர் அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத் தன்னால் முடிந்ததைச் செய்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல விதி. தணிகாசலத்தின் காரியம் முடிந்த பிறகு அந்தக் கூட்டத்தை நடத்தினேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்கா மட்டும் கேட்டாள்.

“அந்த டெஸ்ட் எங்க சார்? ரெண்டு பேர் பேரும் போட்டு எடுத்திருக்குது. வியாழக்கிழமை ஒண்ணு நாப்பதுக்கு. நான் அப்ப சாப்ட்டுகினு இருந்தேன்.”

“இங்க யாரையும் குத்தம் சொல்றதில்ல கங்கா,” என்றேன். மற்ற மூன்று பேரும் தலையை அசைத்தார்கள்.

மறுநாளிலிருந்து அவளோடு ஜோடியாக உட்கார்ந்தேன். விபத்தைப் பற்றிக் கம்பெனிக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பழக்கப்படி அவள் தட்டினாள், நான் பக்கத்தில் இருந்தேன். பெரிய வேலையைச் சின்னச் சின்ன அடியாக வெட்டி, ஒவ்வொரு அடியையும் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது நான் சொல்லிக் கொடுத்தது. அப்படியே போனோம்.

வியாழன் காலையில் அந்த டெஸ்ட் தோற்றுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும், இல்லையா? தெரியும் சார். மதியம் பச்சை விளக்கைப் பார்த்தாய்? பார்த்தேன் சார். என்ன மாறியது என்று திறந்து பார்த்தாயா? இல்ல சார். பார்க்க முடியாதபடி யாராவது தடுத்தார்களா? இல்ல சார். முதல் நாள் அவ்வளவோடு நிறுத்தினேன். எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட அவளால் மறுக்க முடியாது.

இரண்டாம் வாரம், புதன் சாயந்திரம் அவள் சொன்ன “வுடுங்க சார்” என்பதை எடுத்தேன். எதை விடச் சொன்னாய், கங்கா? அவள் யோசித்தாள். காலையில பாத்துக்கலாம்னு சொன்னேன் சார் என்றாள். நான் மறுக்கவில்லை. அந்த டெஸ்டை விட்டுவிடச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம், ஒருவேளை என் ஞாபகம் தவறாக இருக்கலாம் என்றேன். தினமும் ஒருமுறை அப்படிச் சொன்னேன். அவள் தூங்குவதில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தூங்காதவர்களுக்கு மற்றவர்களுடைய ஞாபகம் தேவைப்படும். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் அவளே கேட்டாள்: “சார், ஒண்ணு நாப்பதுக்கு நான் கேன்டீன்லதான் இருந்தேனா? இல்ல சாப்ட்டுட்டு மேல வந்துட்டேனா?” வந்துவிட்டாய் கங்கா என்றேன். அவள் கீபோர்டில் கை வைத்து அதைத் தட்டினாள். இடம் மாறினோம். நான் முற்றுப்புள்ளி வைத்தேன்.

அதன் பிறகு அவள் தினமும் வேலை முடிந்ததும் தணிகாசலத்தின் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அவர் மனைவி சுந்தராம்பாளுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பாள், பாத்திரம் கழுவுவாள். ஒருநாள் அந்தம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, நான்தான் அத்தை மாமாவைக் கொன்னுட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்தம்மா அவள் தலையைத் தடவி, “நீ இன்னாம்மா பண்ணுவ, அது மிஷினு. மிஷினுக்குக் கண்ணா கீது?” என்றாராம். இதை என்னிடம் சொன்னபோது கங்கா அழவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் சார் என்றாள். விடுமுறை எடுத்துக்கொள் என்று சொன்னேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

போன வாரம் நீங்கள் கம்பெனிப் பதிவுகளைக் கேட்டு வாங்கியதும் அவளே இங்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த வரிக்கு வருகிறேன். மூன்றாம் பக்கம், கடைசிப் பத்தி. “வனமாமலை சாருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரியாமல் அவர் பெயரையும் போட்டு நானே எடுத்தேன். அவரை எதுவும் செய்ய வேண்டாம்.”

நான் அவளுக்குக் கொடுத்த ஞாபகத்தில் அது கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்ததாகத்தான் இருந்தது. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளே சேர்த்துவிட்டாள். கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம், அது எனக்குத் தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு இளம் பெண் தலைவனுடைய பெயரைத் தானே போட்டு, அவனுக்குத் தெரியாமல் ஒரு பாதுகாப்பு டெஸ்டை எடுக்க முடிந்தது என்றால், அது என்ன குழு? அது என்ன முறை? ஏழு வருடம் நான் கட்டியதற்கு என்ன அர்த்தம்? என் குழுவில் எனக்குத் தெரியாமல் ஒரு வரி உள்ளே போனதில்லை. ஒரு வரி வெளியே போனதும் இல்லை. முறையில் குறையில்லை. அது பதிவாக வேண்டும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எடுத்தது நான். அவள் கேன்டீனில் இருந்தாள். அவளுக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. மின்சாரம் போனபோது எல்லோரும் எங்கே நின்றார்கள் என்று கம்பெனி ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறது. அதில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக இருக்கும். நான் திரையைப் பார்க்கவில்லை.

நான் கூண்டின் வேலிக்குப் பக்கத்தில், கன்ட்ரோல் மேஜையை ஒட்டி நின்றிருந்தேன். அந்த மேஜையில் அவசரத்துக்கு லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. குடை மாதிரி பெரிதாக இருக்கும், கண் தெரியாதவர்கூடத் தட்டிவிடலாம். என் வலது கைக்கு ஓரடி. விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தபோது, உள்ளே தணிகாசலம் குனிந்து தகட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். இதோ ஆச்சு சார் என்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கட்டடத்தில் அப்போது அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முக்கால் நிமிடம் இருந்தது. பொத்தானைத் தட்டினால் லைன் நிற்கும். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஹேமந்த் கேட்பார், வந்தவர்கள் கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். தட்டாவிட்டால் நாற்பதில் முப்பத்தொன்பது தடவை ஒன்றும் ஆகாது. அவர் தகட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவார், கைதட்டுவார்கள், ஐந்து பேருக்கும் வேலை இருக்கும். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து விநாடி. இருபது. நாற்பதாவது விநாடியில் அவர் தகட்டைத் தோளில் தூக்கிவிட்டார். கதவுக்கு நான்கு எட்டு. சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

கத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. பத்தடி தூரம்தான், கேட்டிருக்கும். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் இத்தனை வருடத்தில் நான் ஒருவரிடம்கூடக் குரலை உயர்த்தியதில்லை, மேடம். வேண்டுமானால் வெளியே கங்கா இருக்கிறாள், கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.